கத்தரி மேல் இரண்டு கைகள்

பணி ஓய்வு என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். முப்பத்து நாலு வயசில் யார் ஓய்வு பெறுவார்? ஆனால் என் வேலை என்னை அனுப்பிவிட்டது, அதுதான் உண்மை. அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்புப் பிரிவில் மாவுக்கட்டு போடுகிறவனாக இருந்தேன். கடைசியில் மாவு என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இரண்டு கையும் வெடித்து ரத்தம் வரும். கையுறை போட்டால் இன்னும் மோசம். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "வேலைய விடு, இல்ல கைய விடு" என்றார். என் அப்பா ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வாலிப வயசு முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் கை வைத்தவர். அவருக்கு ஒரு கீறல் கிடையாது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "படிச்ச கைக்குத்தான்டா இதெல்லாம் வருது" என்றார். வருத்தமாகச் சொன்னாரா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை. போன மாதம், நான் டிப்ளமோ படித்த கல்லூரியிலிருந்து மூன்று பேர் கடைக்கே வந்தார்கள். கல்லூரி ஆண்டு மலர் போடுகிறார்களாம், அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். அதில் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிங்க இங்க இருக்கறப்போ, நம்ம ஜனம் ஏன்ணா கை கால் ஒடிஞ்சா ஆந்திராவுக்குப் போய் முட்டைக்கட்டு போட்டுக்கினு வருது? அறிவு கம்மியா?"

கடையில் கூட்டம். எதிரே கைவண்டிக்காரர் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். சொல்ல ஆரம்பித்திருந்தால் அன்றைக்கு வியாபாரம் நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எந்தப் படிப்பு படித்தால் என்ன வேலை என்று சொல்ல ஆள் இல்லை. விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் வரிசை சின்னதாக இருந்த பக்கம் நின்றேன், அது இந்தப் படிப்பாக அமைந்தது. வேலையை நான் கற்றது ஆஸ்பத்திரியில், எங்கள் மேடத்திடம்.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் பிரிவின் டாக்டரை. ஜனங்கள் 'எலும்பு டாக்டரம்மா' என்பார்கள். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் நான் "வேலு". தப்பு செய்தால் "வேலு சார்". "வேலு சார், இந்தத் தண்ணி என்ன சூட்டில இருக்கு சார்?" என்று கேட்டால் வாளியை அப்படியே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று பொருள். சூடு ஜாஸ்தியானால் மாவு சீக்கிரம் இறுகும், உள்ளே தோல் வெந்துபோகும்.

வேலை சின்ன வேலையாகத் தெரியும், இல்லை. மாவுச் சுருளைத் தண்ணீரில் சாய்வாக விட வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகப் பிழிய வேண்டும், முறுக்கக் கூடாது. பஞ்சு சுற்றி, அதன் மேல் உருட்டிக்கொண்டே போக வேண்டும், இழுக்கக் கூடாது. தடவுவது உள்ளங்கையால். விரல் நுனி பட்டால் அந்த இடம் குழிந்து, காய்ந்த பிறகு உள்ளே புண்ணாகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. புதிதாக முறிந்த கைக்கோ காலுக்கோ முழுசாகச் சுற்றிக் கட்டு போடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பலகை மாதிரி வைத்துத் துணியால் சுற்ற வேண்டும், அதுதான் அரைக்கட்டு. முறிந்த இடம் ஓரிரண்டு நாள் வீங்கிக்கொண்டே போகும். சுற்றிலும் இறுகக் கட்டினால் வீக்கத்துக்கு வெளியே வழி இல்லை, உள்ளே திரும்பி ரத்த ஓட்டத்தை நெரிக்கும். அப்படிச் சில மணி நேரம் கிடந்தால் சதை செத்துவிடும். பிறகு விரல்கள் மடங்கினபடியே நின்றுவிடும், யாராலும் நீட்ட முடியாது.

அதனால் கட்டு முடிந்ததும் மேடம் நகத்தைப் பார்ப்பார். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் சிவப்பு திரும்ப வேண்டும். அடுத்து, விரலைப் பிடித்து மெதுவாக நீட்டிப் பார்ப்பார். நோயாளியின் முகத்தைத்தான் பார்ப்பார், விரலை அல்ல.

எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போய், மலை ஏறி இறங்கினால் ஆந்திரா. அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் எலும்புக்குக் கட்டு கட்டுகிற குடும்பம் ஒன்று உண்டு. ஊர் பெயர் வேண்டாம். அந்தப் பெரியவரை எல்லோரும் பெத்தய்யா என்பார்கள். மூங்கில் பத்தை, முட்டையின் வெள்ளைக்கரு, ஏதோ பச்சிலை, நாம் கொண்டுபோகிற வேட்டித் துணி. எங்கள் ஊர் மாதனூரில், என் தெருவிலேயே அவர் கட்டின கை, கால்கள் இருக்கின்றன.

அதே சமயம் அந்தப் பக்கத்து ஜனம் இங்கே எங்கள் வார்டில் படுத்திருக்கும். ஒரு நாள் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறது. ஃபேனுக்கு நேராக இருந்த கட்டில் ஒரு ஆந்திராக்காரருக்குப் போய்விட்டது. வாணியம்பாடிக்காரர் ஒருவர் எகிறினார்.

"நம்ம ஆஸ்பத்திரி, நம்ம ஃபேனு. காத்து மட்டும் அவங்களுக்கா?"

ஆந்திராக்காரர் அரைத் தமிழில் அமைதியாகச் சொன்னார்: "ஏன்பா, உங்க ஆளுங்க கட்டு கட்டிக்க பஸ் பஸ்ஸா எங்க ஊருக்கு வராங்க. எங்க முட்டையெல்லாம் காலி. நாங்க இன்னாவாவது கேட்டமா?"

வார்டே சிரித்தது. வாணியம்பாடிக்காரரும் சிரித்துவிட்டு, "சரி, ராத்திரிக்கு மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வுடு" என்றார்.

இப்படி முட்டைக்கட்டோடு யாராவது வந்தால், புதிதாகப் பயிற்சிக்கு வந்த டாக்டர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். மேடம் ஒருவரிடம் சொன்னது: "டாக்டர் சார், உங்களுக்கு ஜலதோஷம் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு சார். இப்ப நாடியப் பாக்கறீங்களா?" மேடம் யாரையும் "ஏன் அங்க போனீங்க?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். கட்டு நன்றாக இருந்தால் "நல்லா கட்டியிருக்காரு" என்று வாய்விட்டுச் சொல்வார்.

இனி கௌசல்யாவின் விஷயம்.

கௌசல்யா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஷூவின் மேல்தோலை மெஷினில் தைப்பது. ஒரு மாலை கம்பெனி பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்து வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. எங்களிடம்தான் வந்தார்கள். நான்தான் அரைக்கட்டு போட்டேன். மேடம், "பிளேட் வெச்சு ஆபரேஷன் பண்ணணும், அட்மிஷன் போட்டுக்குங்க" என்றார்.

அவள் அம்மா செல்வி அக்காவின் முகம் இறங்கிவிட்டது. காரணம் பணம் இல்லை, பயமும் இல்லை. கௌசல்யாவின் அப்பா சர்க்கரைப் புண்ணோடு ஏற்கெனவே அதே ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் படுத்திருந்தார். கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். பாத்ரூமுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"ஆம்பள வார்டுல அவரு, பொம்பள வார்டுல இவ. நடுவுல நான் ஒருத்தி எங்கன்னு நிக்கறது தம்பி?" என்று என்னிடம் கேட்டார். "பெத்தய்யாகிட்ட போனா அன்னிக்கே வீடு. எங்க அண்ணன் கூட்டிக்கினு போறேன்றான்."

அண்ணன் ஏழுமலை அங்கேயே இருந்தார். லோடு வண்டி ஓட்டுகிறவர். வாலிபத்தில் தொடை எலும்பு முறிந்து பெத்தய்யா போட்ட கட்டால் சரியானவர். சாட்சிக்கு வராண்டாவில் இரண்டு நடை நடந்தும் காட்டினார். "நொண்டறனா பாரு தம்பி. நல்லா பாரு." நொண்டவில்லைதான்.

மறுநாள் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள்.

அன்று பிற்பகல், ஆண்கள் வார்டில் வேறொருவருக்குக் கட்டு பிரிக்கப் போனேன். கௌசல்யாவின் அப்பா கட்டிலில் இருந்தபடி கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் புள்ள மூஞ்சியக் கொஞ்சம் பாரேன். எனக்கு சரியா படல."

வீட்டுக்குப் போகாமல் மலையிலிருந்து நேரே அவரிடம் வந்திருந்தார்கள்; கட்டிலின் கீழே தரையில் கௌசல்யா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் அம்மாவும் மாமாவும். முழங்கையிலிருந்து விரல் கணு வரை புதுக் கட்டு. கை மடியில் கிடந்தது. உதடு காய்ந்திருந்தது.

"வலிக்குதாம்மா?"

"மலை இறங்கறப்போ உயிர் போச்சுண்ணா. இப்ப கம்மி. மரத்துப்போன மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கட்டு வேலை செய்யுதுன்னு மாமா சொல்றாரு."

ஏழுமலை பெருமையாகத் தலையாட்டினார். நான் குனிந்து விரல்களைப் பார்த்தேன். கத்தரிக்காய் மாதிரி வீங்கி, நிறம் மங்கி இருந்தன. கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டேன். வெளுத்தது, வெளுத்தபடியே இருந்தது. சிவப்பு ஏதோ யோசித்து யோசித்து வந்தது.

ஓடிப்போய் மேடத்தை அழைத்து வந்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டவில்லை. நேராகத் தரையில் உட்கார்ந்து, கௌசல்யாவின் நடுவிரலை நுனியில் பிடித்து, மயிரிழை அளவுக்கு நீட்டினார். அவள் போட்ட சத்தத்தில் வார்டு முழுக்கத் திரும்பியது.

"இத இப்பவே அவுக்கணும்," என்றார் மேடம். "வேலு, கத்தரி எடு. தியேட்டர்ல சொல்லி வை. அவுத்தும் ரத்தம் ஓடலன்னா உள்ள கீறி விடணும்."

ஏழுமலை குறுக்கே வந்து நின்றார்.

"தொடாதீங்க டாக்டரம்மா. கட்டுன கைதான் அவுக்கணும். வேற கை பட்டா எலும்பு கூடாது. பெத்தய்யா மொதல்லயே சொல்லித்தான் கட்டுவாரு."

இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. அரிப்பெடுத்தாலும் சரி, நாற்றமடித்தாலும் சரி, கட்டினவர் கைதான் பிரிக்க வேண்டும். என் சித்தப்பா ஒருவர் எறும்பு ஏறின கட்டோடு மலை ஏறிப் போயிருக்கிறார். நான் அவசரத்தில், "இன்னா மாமா, கையே போய்டும், புரியலையா?" என்று கத்திவிட்டேன்.

"எங்கிட்டயே கத்தறியா? இந்தக் கால் அவுரு கட்டுனது. நீ கட்டுனியா?" என்றார். "இப்பவே வண்டி எடுக்கறேன். அங்கயே கொண்டுபோறேன்."

மலைப்பாதை, செக்போஸ்ட், அந்தப் பக்கத்து மண்ரோடு. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். செல்வி அக்கா அண்ணனைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக நின்றார். அண்ணன் சொல்லை அவர் மீறினதில்லை. கட்டிலில் இருந்த அப்பா எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் படுத்துவிட்டார்.

மேடம் ஒரு கணம் ஏழுமலையை அண்ணாந்து பார்த்தார். "வேலு சார், கொஞ்சம் சும்மா இருக்கீங்களா சார்" என்று என்னை அடக்கினார். பிறகு ஏழுமலையிடம், "அவர் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

அவர் எதிர்பார்க்கவில்லை. "இருக்கு..."

"போடுங்க. நான் பேசறேன்."

மூன்றாவது தடவைதான் எடுத்தார்கள். "ஏமய்யா ஏழுமலை, செய்யி எட்ல உந்தி?" என்று ஸ்பீக்கரில் வயசான குரல் கேட்டது. கை எப்படி இருக்கிறது என்கிறார். மேடம் போனை வாங்கித் தன் பெயரையும் வேலையையும் சொல்லி, நகம் எப்படி இருக்கிறது, விரலை நீட்டினால் என்ன ஆகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

பெத்தய்யா எடுத்த எடுப்பில் ஒத்துக்கொள்ளவில்லை. "நா சரியாத்தான் கட்டுனேன்மா," என்றார் எல்லைப்புறத் தமிழில். "கைய மேல தூக்கி வெக்கச் சொன்னேன். தொங்கவுட்டுக்கினு பஸ்ல போயிருப்பாங்க. இங்க கொண்டாரச் சொல்லு, நா தளத்தி வுடறேன்."

"கொண்டு வர நேரம் இல்லைங்கய்யா. யார் தப்புன்னு நான் கேக்கல. நீங்க சொன்னாத்தான் இவங்க விடுவாங்க. அதுக்காகத்தான் போன் பண்ணினேன்."

போனில் கோழி கத்துவது மட்டும் கேட்டது. கௌசல்யா கண்ணை மூடியிருந்தாள். போன் அறுந்துவிட்டதோ என்று ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"ஏழுமலை," என்றது குரல். "கத்தரி யார் கையில இருக்குது?"

"இங்க ஒரு தம்பி கையில, பெத்தய்யா."

"அவன் கை மேல உன் கைய வை. நீ நா கட்டி எழுந்தவன். உன் கை என் கைதான். அவுத்துடு."

ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டார். ஆஸ்பத்திரி வார்டில், டெட்டால் வாசனையில், செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் கை என் கை மேல் வந்து உட்கார்ந்தது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அவர் கை கனத்தில் கத்தரி கீழே இறங்கப் பார்த்தது. அதன் கீழ்வாய் மழுங்கலானதுதான், ஆனாலும் அவ்வளவு வீங்கின தோலில் பட்டால் பிய்ந்துவிடும். மேடம் என் காதருகே, "முனையைத் தூக்கியே வை வேலு. அவர் கை இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் இரண்டு பேருமாக வெட்டினோம். போனில் பெத்தய்யா தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், சாமி பேராக இருக்கலாம். முதல் துணி. காய்ந்து ஓடு மாதிரி ஆன முட்டைப் பூச்சு. பத்தைகள். அதன் அடியில் இன்னொரு துணி. கடைசிச் சுற்று அறுந்ததும் கட்டு தானாகவே வாய் பிளந்தது. கை முழுக்கப் பத்தையின் அச்சு.

மேடம் கையைத் தாங்கிப் பிடித்தபடி நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலையும் அங்கேயே பார்த்தார், எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துக் கௌசல்யா அழ ஆரம்பித்தாள். மரத்த கை விழித்துக்கொண்டால் வலி பொறுக்க முடியாது. செல்வி அக்கா பதறினார். மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். "அழட்டும்க்கா. நல்ல அழுகை."

கீறுகிற ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை, கடைசி வரை தியேட்டர் தயாராகத்தான் இருந்தது. அவளைப் பொம்பளை வார்டில் சேர்த்து, கையை லூசாக அரைக்கட்டில் வைத்து, சலைன் ஸ்டாண்டில் துணி கட்டித் தூக்கி மாட்டினோம். மேடம் ஏழுமலைக்கு நகத்தை அழுத்தக் கற்றுக்கொடுத்து, "இது உங்க வேலை. சிவப்பு லேட்டா வந்தா ஓடி வாங்க" என்றார். பொம்பளை வார்டில் ஆம்பளை உட்காரக் கூடாது என்று நர்ஸ் சண்டைக்கு வந்தார். அன்று ஒரு நாள் மட்டும் விட்டார்கள். பெத்தய்யாவிடமிருந்து சாயங்காலம் போன் வந்தது. "கோரு எட்ல உந்தி?" நகம் எப்படி என்கிறார். "சேப்பா இருக்குது பெத்தய்யா" என்று ஏழுமலை வராண்டா முழுக்கக் கேட்கச் சொன்னார்.

வீக்கம் வடிந்த பிறகு பிளேட் வைத்தோம். செல்வி அக்காவின் பாடு சுலபமாகிவிடவில்லை, இரண்டு வார்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எங்கள் சொல்லைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களையும் வெறுமனே அனுப்ப மாட்டார். கையைத் தூக்கிக் கட்டிவிட்டு, நகம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, "மரத்துப்போனா குணமாகுதுன்னு நெனைக்காதீங்க. அவருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டாவது அவுத்துடுங்க" என்று சொல்லி அனுப்புவோம். வேறு டாக்டர் ஒருவர், "நீங்களே வழி காட்டி அனுப்பறீங்களே மேடம்" என்றார். "வழி அவங்களுக்குத் தெரியும் சார். திரும்பி வர்ற வழியத்தான் நான் சொல்றேன்" என்றார் மேடம். அந்த 'சார்' எந்த சார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

என்னைக் கேட்ட அந்தத் தங்கைக்கு: அறிவு கம்மியா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள். வீட்டில் இன்னும் யார் படுத்திருக்கிறார்கள், கூட இருக்க யார் லீவு போட முடியும் என்று முதலில் கேட்டுப் பார். பாதி பேர் எல்லை தாண்டுகிற காரணம் அங்கேயே கிடைத்துவிடும். கட்டு தப்பா சரியா என்பது அடுத்த பேச்சு. நகம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது.

போன வாரம் காலையில் மாதனூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கம்பெனி பஸ் வரும் நேரம், பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்திக்குக் கையில் புதுக் கட்டு. வேலைக்குப் போகவில்லை, லீவு சொல்லி அனுப்ப வந்திருந்தாள். முட்டை வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கையைப் பிடித்துக் குனிந்திருந்தவளை அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. கௌசல்யா.

"இன்னாடி பண்ற, பஸ்ஸு வந்துடுச்சு" என்றாள் கட்டோடு நின்றவள்.

"சும்மா இருடி. நெறம் வருதான்னு பாக்கறேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். மற்றவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். கௌசல்யா தலை நிமிரவில்லை. தோழியின் நகத்தை அழுத்திக்கொண்டிருந்தது அவளுடைய வலது கைக் கட்டைவிரல். அழுத்தி, விட்டு, பார்த்தாள்.

"வந்துடுச்சு," என்றாள். "கையத் தொங்கவுடாம வூட்டுக்குப் போ." சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறினாள்.